முதலில் சுவர், பிறகு துப்பாக்கி

குஷாய்குடாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் நம்மவர் ஒருவர், வாணியம்பாடிப் பக்கத்துக்காரர், டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, ஓவர்டைம் பணம் கொஞ்சம் சேர்ந்திருக்கு. ஒரு ஏர்கன் வாங்கலாமான்னு பார்க்கிறேன். பையனும் ஆசைப்படுறான். குறைஞ்ச விலையில எது நல்லது?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியைக் கேட்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. இ.சி.ஐ.எல். சௌரஸ்தாவிலிருந்து செர்லப்பள்ளி வரை, வாரம் ஆறு நாள் இயந்திரத்தோடும் கணக்குப் புத்தகத்தோடும் மல்லுக்கட்டிவிட்டு ஏழாவது நாள் என்ன செய்வதென்று யோசிக்கும் தமிழர்கள் பலரிடம் இந்த ஆசை உண்டு. அதன் வேர் எங்கே இருக்கிறது என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். ஊர்த் திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் பலகையில் வரிசையாகப் பலூன் கட்டியிருப்பார்கள். மெரினா கடற்கரையிலும் அதே கடை. நாம்பள்ளியில் ஜனவரி முதல் தேதி தொடங்கும் 'நுமாயிஷ்' பொருட்காட்சிக்குப் போனாலும் அப்படிப்பட்ட கடை கண்ணில் படும். காசைக் கொடுத்துத் துப்பாக்கியை வாங்கித் தோளில் சாய்த்து ஒரு கண்ணை மூடினால், அரை நிமிடத்துக்கு நாமும் வீரர்கள். பலூன் வெடித்தால் பக்கத்தில் நிற்கும் பிள்ளை கை தட்டும். வெடிக்காவிட்டால் கடைக்காரர் மீது பழி!

அந்த ஆசையில் தவறு ஏதும் இல்லை. மனதை ஒருமுகப்படுத்தவும் மூச்சை அடக்கவும் கற்றுத்தருகிற விளையாட்டு அது. ஆனால் நண்பரின் கேள்விக்கு விடை சொல்லுமுன் அவருக்கு நேர்ந்த ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும்.

மொட்டை மாடியில் நடந்தது

போன தசரா விடுமுறையில் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து ஒரு ஏர்கன்னை இரவல் வாங்கி வந்தார் நண்பர். குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவர் மேல் காலி பாட்டில்களை வரிசையாக வைத்துச் சுட்டிருக்கிறார். நாலைந்து பாட்டில் உடைந்தது. ஒரு குண்டு மட்டும் எதிலும் படவில்லை. எங்கே போயிற்று என்று அவர் யோசிக்கவும் இல்லை.

கால் மணி நேரம் கழித்து அடுத்த கட்டடத்தில் குடியிருக்கும் தெலுங்கு அம்மாள் படியேறி வந்தார். சண்டை போடவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் நசுங்கிப்போன ஈயக் குண்டு ஒன்று இருந்தது. அவர் துணி உலர்த்திக்கொண்டிருந்த இடத்துக்கு அருகே, பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியின் மூடியில் பட்டுத் தெறித்து விழுந்ததாம். "மீ பில்லலு கூடா இக்கடே ஆடுகுண்டாரு கதா, அண்ணா" என்றார். உங்கள் பிள்ளைகளும் இங்கேதானே விளையாடுகிறார்கள் என்று பொருள். அவ்வளவுதான், இறங்கிப் போய்விட்டார்.

"அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலை அண்ணே" என்றார் நண்பர். ஆசை விட்டுப்போய்விட்டதா என்றேன். இல்லை என்று தலையாட்டினார். "சரியா எப்படிச் செய்யணும்னு சொல்லுங்க" என்றார்.

நண்பருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். துப்பாக்கி வாங்க நினைப்பவர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது சுவரை. குண்டு கடைசியில் எந்த இடத்தில் போய் நிற்கும் என்பது உறுதியான பிறகு, துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது எளிது.

பேகம்பேட்டையில் வெடித்த பலூன்கள்

வீட்டுப் பின்கட்டில் சுட்டுப் பழகுவது உருப்படாத வேலை என்று எண்ணுபவர்களுக்கு, நமது ஹைதராபாத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. ககன் நாரங் 1983-ல் சென்னையில் பிறந்தவர். வளர்ந்தது ஹைதராபாத்தில். 1997-ல் அவருடைய தந்தை ஒரு ஏர் பிஸ்டலை வாங்கிக் கொடுத்தார். பேகம்பேட்டை வீட்டின் பின்புறத்தில் பலூன்களைக் குறிவைத்துத்தான் அந்தச் சிறுவன் பழகத் தொடங்கினான். 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் 701.1 புள்ளிகள் எடுத்து வெண்கலப் பதக்கம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் தலைவராகப் போனவரும் அவரே.

இதைச் சொல்வது, வாங்குகிறவர்கள் எல்லாரும் ஒலிம்பிக்குக்குப் போவார்கள் என்பதற்காக அல்ல. ஒன்றைக் கவனியுங்கள். அவர் தொடங்கியது ஒரு சிறிய கருவியோடு. குறி வைத்தது பலூனுக்கு. தூரம் ஒரு பின்கட்டின் நீளம். பதக்கம் வென்றதும் பத்தே மீட்டரில்தான். இந்த விளையாட்டில் பெரிய துப்பாக்கிக்கும் நெடுந்தூரத்துக்கும் வேலையே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

"லைசென்ஸ் வேண்டுமா?" என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்பது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் இப்போது நடப்பில் இருப்பவை 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள். அவற்றின்படி, குழலின் உள் அளவு 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு, மேற்படாமலும், குண்டு குழல்வாயை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. இந்த இரண்டில் ஒன்று மீறினாலும் லைசென்ஸ் கட்டாயம். 0.22 அங்குலக் குழல் கொண்ட ஏர் ரைபிளை "இதுவும் காற்றுதானே சார்" என்று யாராவது விற்க வந்தால் ஏமாந்துவிடாதீர்கள்.

லைசென்ஸ் இல்லையென்றால் கணக்கு வழக்கே இல்லை என்று பொருளல்ல. வாங்குகிறவர் அரசு வழங்கிய அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் காட்ட வேண்டும். ஊரில் ஒரு முகவரி, இங்கே ஒரு முகவரி என்று இருக்கும் நம்மவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். சான்று இல்லாமல் தருகிறேன் என்று சந்தையில் கையில் திணிக்கும் ஆளிடம் வாங்குவதைவிட, முகவரியைத் திருத்திக்கொண்டு முறையான கடையில் வாங்குவது நல்லது. பில்லில் குழல் அளவும், துப்பாக்கியின் வரிசை எண்ணும், ஆற்றல் வரம்புக்கு உட்பட்டது என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளின் நகல் துப்பாக்கி உறையிலேயே இருக்கட்டும்.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்துள்ள பாரதிய நியாய சங்கிதாவின் 125-ஆவது பிரிவு, பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து உண்டாக்கும்படி அசட்டையாக நடந்துகொள்வதையே குற்றமாக்குகிறது. யாருக்கும் காயம் படாவிட்டாலும் மூன்று மாதம் வரை சிறையோ, ரூ. 2,500 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கொடுங்காயம் ஏற்பட்டால் சிறை மூன்று ஆண்டு வரை போகும். தண்ணீர்த் தொட்டி மூடியில் பட்ட அந்தக் குண்டு அரை அடி தள்ளிப் போயிருந்தால் நண்பரின் நிலை என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வேகம் எதற்கு?

கடைக்குப் போனால் விற்பவர் முதலில் சொல்வது வேகத்தைத்தான். "இது நொடிக்கு இத்தனை அடி பாயும்" என்று பெருமையாகச் சொல்வார். காகித அட்டையில் ஓட்டை போடுவதற்கு அந்த வேகம் தேவையே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 0.177 குண்டு ஒன்றின் எடை ஏறத்தாழ அரை கிராம். அது நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் 7 ஜூலுக்குச் சற்று மேல். உலகப் போட்டிகளில் பயன்படும் 10 மீட்டர் துப்பாக்கிகளே ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கின்றன. அதே குண்டு நொடிக்கு 280 மீட்டரில் போனால் ஆற்றல் 20 ஜூலை நெருங்கிவிடும். வேகம் கூடக் கூட ஸ்பிரிங் கடினமாகும், மடக்கக் கை வலிக்கும், சுடும்போது துப்பாக்கி உதறும், குறி தவறும். சத்தமும் கூடும். இவ்வளவு தொல்லைக்கும் காகிதத்தில் விழும் ஓட்டை அதேதான்.

குறைந்த வேகத் துப்பாக்கியும் விளையாட்டுப் பொம்மை அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். 170 மீட்டர் வேகம் மனிதத் தோலைத் துளைக்கத் தாராளமாகப் போதும். கண்ணைக் கெடுக்க அதைவிட மிகக் குறைந்த வேகமே போதும். வானத்தை நோக்கிச் சாய்த்துச் சுட்ட குண்டு இருநூறு மீட்டருக்கு அப்பாலும் போய் விழக்கூடும். காற்றுத் துப்பாக்கியால் உயிரே போன சம்பவங்களும் உண்டு.

கடையில் பார்க்க வேண்டியவை

காற்றுத் துப்பாக்கியில் பல வகை உண்டு. முன்கூட்டியே பம்ப் அடித்து உருளையில் காற்றை அடைத்துச் சுடும் வகை ஒன்று. உதறல் இல்லை, குறி துல்லியம். ஆனால் துப்பாக்கி விலையோடு பம்ப் விலையும் சேரும். போட்டிக்கான வெளிநாட்டுத் துப்பாக்கிகளோ லட்சங்களில் விலை போகின்றன. அவை நமக்கு வேண்டாம்.

நம்மவர்களுக்கு ஏற்றது குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் வகை. குழலைக் கீழே மடக்கும்போது உள்ளே பிஸ்டன் பின்னால் போய் ஸ்பிரிங்கை அழுத்தி நிற்கும். விசையை இழுத்ததும் பிஸ்டன் பாய்ந்து காற்றை அமுக்கும். அந்தக் காற்று குண்டைத் தள்ளும். கேஸ் சிலிண்டர் வேண்டாம், பம்ப் வேண்டாம். இந்தியாவில் தயாராகும் எளிய ரகங்கள் ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலைக்குள்ளேயே கிடைக்கின்றன. ஸ்பிரிங்குக்குப் பதிலாக அடைத்த வாயுவில் இயங்கும் பிஸ்டன் வகையும் உண்டு. விலை சற்றுக் கூடுதல். தொடங்குபவருக்கு ஸ்பிரிங்கே போதும்.

விலை குறைந்த ரகத்திலும் நல்லதைக் கண்டுபிடிக்கலாம். லேத் வேலை தெரிந்தவர்களுக்கு இது இன்னும் எளிது.

முதலாவது, குழலின் உட்புறம். மடக்கிய நிலையில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால், உள்ளே மரை போலச் சுழன்று ஓடும் வரிகள் தெரிய வேண்டும். அந்த வரிகள்தான் குண்டைச் சுழலவிட்டு நேராகப் போகச் செய்கின்றன. வழவழப்பான குழல் என்றால் அது பலூன் கடைக்குத்தான் லாயக்கு.

இரண்டாவது, குழலும் உடலும் சேரும் இடம். குழலை மூடியபின் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் குறி ஒருபோதும் ஒரே இடத்தில் நிற்காது. அந்த இடத்திலுள்ள வாஷர் கிழியாமல் இருக்க வேண்டும். அது கிழிந்தால் காற்று கசியும்.

மூன்றாவது, விசை. இழுக்கும்போது எங்கே விடுபடும் என்று விரலுக்குத் தெரிய வேண்டும். கரடுமுரடாக, ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி விடுபட்டால் வேண்டாம். தானாகத் தடுக்கும் பாதுகாப்புப் பூட்டு இருந்தால் நல்லது.

நான்காவது, குறிமுனைகள். முன்னே ஒன்று, பின்னே ஒன்று, பின்னது மேலும் கீழும் இடமும் வலமும் திருகி நகர்த்தும்படி இருக்க வேண்டும். இவை இரும்பாக இருந்தால் நல்லது. தொலைநோக்கிக் கண்ணாடிக்கு இப்போது பணம் செலவழிக்க வேண்டாம். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னுமாக இரண்டு முறை உதறும். அதைத் தாங்கும்படி செய்யப்படாத கண்ணாடி சீக்கிரமே கெட்டுவிடும்.

ஐந்தாவது, உதிரிப் பாகம். ஸ்பிரிங், வாஷர், பிஸ்டன் சீல் மூன்றும் தேய்ந்துபோகிறவை. அவை இந்த ஊரில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வாங்கிய பின் செய்யக்கூடாதவை இரண்டு. குண்டு போடாமல் வெறுமனே சுடாதீர்கள். எதிர்க்கும் காற்று இல்லாததால் பிஸ்டன் நேராக மோதி உடைந்துபோகும். காற்று அறைக்குள் கண்ட எண்ணெயையும் ஊற்றாதீர்கள். அமுக்கும் சூட்டில் எண்ணெய் டீசல் என்ஜினைப் போலத் தீப்பற்றி வெடிக்கும்.

குண்டும் முக்கியம்

நடுவில் இடுப்பு ஒடுங்கி, பின்புறம் பாவாடை விரிந்தாற்போல் இருக்கும் ஈயக் குண்டுதான் சரியானது. அதிலும் தலை தட்டையாக உள்ளதை வாங்குங்கள். காகித அட்டையில் பஞ்ச் அடித்தாற்போல் வட்டமாக ஓட்டை விழும். புள்ளி எண்ணுவது எளிது. கூர்த்தலைக் குண்டுகள் பார்க்க மிடுக்காக இருக்கும். பத்து மீட்டரில் அவற்றால் பயனில்லை. எஃகு உருண்டைகள் கூடவே கூடாது. ஈயம் பட்டால் நசுங்கும்; எஃகு பட்ட வேகத்தில் திரும்பி வரும்.

இரண்டு மூன்று தயாரிப்புகளில் சிறிய டப்பா ஒவ்வொன்று வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு குண்டு ஒத்துப்போகும். எது நெருக்கமாக விழுகிறதோ அதையே தொடர்ந்து வாங்குங்கள். ஈயம் நஞ்சு. சுடும்போது தின்பதும் புகைப்பதும் வேண்டாம். முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. குண்டை வாயில் வைத்துக்கொண்டு துப்பாக்கியில் ஏற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

நம் வீட்டில் இடம் எங்கே?

இப்போது சுவருக்கு வருவோம். இந்த ஊரில் மனையைக் கஜத்தில்தான் அளக்கிறார்கள். 100 கஜம் என்றால் 900 சதுர அடி. அதில் இரண்டு மாடி எழுப்பி, மீதியில் போர்வெல்லும் படிக்கட்டும் வைத்தபின் பின்கட்டு என்று எதுவும் மிஞ்சுவதில்லை. 10 மீட்டர் என்பது 33 அடி. வாடகைக்கு இருக்கும் நமக்கு அவ்வளவு நீளம் எங்கே கிடைக்கும்?

எல்லாரும் அதனால்தான் மொட்டை மாடிக்குப் போகிறார்கள். மாடி மிகமிக ஆபத்தான இடம். கைப்பிடிச் சுவர் மூன்று அடி உயரம். அதற்கு மேல் தப்பிய குண்டைத் தடுக்க ஒன்றுமே இல்லை. நாலா பக்கமும் வீடு, துணிக்கொடி, பட்டம் விடும் பிள்ளைகள். மாடியில் சுடவே கூடாது.

பத்து மீட்டர் இல்லாவிட்டால் ஐந்து மீட்டரில் பழகலாம். அட்டையைப் பாதி அளவுக்குச் சுருக்கி நகல் எடுத்துக்கொண்டால் கண்ணுக்குக் கிடைக்கும் குறி அதேதான். 16 அடி நீளமுள்ள நடை, கார் நிறுத்துமிடத்தின் ஓரம், தரைத்தளத்தின் நீண்ட அறை ஏதாவது ஒன்று போதும். வேண்டியவை மூன்று: குறிக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத முழுச் சுவர், சுடுபவருக்கும் குறிக்கும் இடையே திறக்கும் கதவு எதுவும் இல்லாமை, குறுக்கே யாரும் வர முடியாத ஏற்பாடு. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த வீட்டில் சுட வேண்டாம்.

வெறும் சுவரில் அட்டையை ஒட்டிச் சுடுவதும் தவறு. காரை பெயர்ந்து தெறிக்கும், குண்டும் திரும்பும். குண்டைப் பிடிக்க ஒரு பெட்டி செய்துகொள்ளுங்கள். இரண்டடிக்கு இரண்டடி மரப்பெட்டி. உள்ளே பின்பக்கம் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு. அதற்கு முன்னால் பழைய செய்தித்தாளை இறுக்கமாக அடுக்கி அரை அடி கனத்துக்கு நிரப்புங்கள். (இந்தத் தாளைப் படித்து முடித்தபின் அதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்!) முகப்பில் அட்டையைச் செருகுங்கள். பெட்டிக்குப் பின்னால் சுவரில் ஒரு பழைய கம்பளத்தைத் தொங்கவிட்டால் தப்பிய குண்டும் அதில் சிக்கி விழும். நடுவில் தாள் குழிந்துபோனால் உடனே மாற்ற வேண்டும். பட்டறையில் வேலை செய்பவருக்குத் தகடும் பலகையும் கிடைப்பது கஷ்டமா என்ன?

பாட்டில், கல், செங்கல், இரும்புத் துண்டு எதையும் குறியாக வைக்காதீர்கள். கண்ணாடிச் சில்லு பறக்கும். கல்லில் பட்ட குண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு வெடிக்கும் சுகம் வேண்டுமென்றால் பெட்டியின் முகப்பிலேயே பலூனைக் கட்டிச் சுடுங்கள்.

பழகும் முறை

துப்பாக்கி எப்போதும் குண்டு ஏற்றியதாகவே கருதப்பட வேண்டும். குழல் பெட்டியைத் தவிர வேறெங்கும் நோக்கக் கூடாது. குறி பார்க்கும் வரை விரல் விசைக்கு வெளியே. மடக்கும்போது குழலை ஒரு கையால் உறுதியாகப் பிடித்துக்கொண்டே குண்டைப் போட வேண்டும். பிடி நழுவினால் குழல் படீரென்று மூடி விரலை நசுக்கிவிடும். ஏற்றிய நிலையில் ஒருபோதும் ஓரமாகச் சாய்த்து வைக்கக் கூடாது. சுடுபவரும் பார்ப்பவரும் பட்டறையில் போடும் பாதுகாப்புக் கண்ணாடியை இங்கேயும் போட வேண்டும். முடிந்ததும் துப்பாக்கி ஒரு பூட்டிலும் குண்டு வேறொரு பூட்டிலும் இருக்க வேண்டும். சாவி பெரியவர் கையில். பையன் சுடும்போது அப்பா அருகிலேயே நிற்க வேண்டும்.

நாளைக்கு நூறு குண்டு சுட வேண்டியதில்லை. இருபது போதும். மூச்சை இழுத்துப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெதுவாக அழுத்தி, சுட்ட பிறகும் ஒரு விநாடி அப்படியே நில்லுங்கள். அட்டையில் தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போட்டி அட்டையில் பத்துப் புள்ளிக்கான மையம் வெறும் அரை மில்லிமீட்டர் அகலம்தான். வெளி வட்டமோ நாலரை சென்டிமீட்டர். முதல் மாதம் குண்டுகள் அந்த வெளி வட்டத்துக்குள் விழுந்தாலே பெரிய காரியம்.

அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் அவசியம். வேற்றூரில் பிழைக்க வந்த நாம் கையில் துப்பாக்கியோடு தெருவில் நடந்தால் பார்ப்பவருக்கு அது ஏர்கன்னா, நிஜமா என்று எப்படித் தெரியும்? எப்போதும் உறையில்தான் கொண்டுபோக வேண்டும். பக்கத்து வீட்டாரை அழைத்துப் பெட்டியைக் காட்டி, எந்த நேரத்தில் சுடுவோம் என்று சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அவர்கள் வேண்டாம் என்றால் அந்த இடத்தில் வேண்டாம்.

பறவைகள் மீது கை வைக்காதீர்கள்

ஏர்கன் வாங்கிய வீட்டில் இரண்டாவது வாரம் யாராவது மாமரத்தை நிமிர்ந்து பார்ப்பார்கள். இதுதான் பெரிய சோதனை. கிளி, மைனா, மயில் எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. தெருநாயையோ பூனையையோ சுடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பறவை வேட்டை பெருகியதால் அருணாசலப் பிரதேசத்தில் 2021-ல் ஏர்கன் ஒப்படைக்கும் இயக்கமே தொடங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். காகிதத்தில் பத்துப் புள்ளி எடுப்பவனுக்குக் குருவியைச் சுட்டு எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

வாங்காமலும் பழகலாம்

வீட்டில் சுவர் அமையாதவர்கள் மனம் தளர வேண்டாம். ககன் நாரங் 2011-ல் தொடங்கிய பயிற்சி நிறுவனத்துக்கு ஹைதராபாத்திலும் கிளை உண்டு. கச்சிபௌலிப் பக்கம் மாநில அரசின் துப்பாக்கி சுடும் தளமும் இருக்கிறது. குஷாய்குடாவிலிருந்து நகரத்தின் மறுகோடிக்குப் பஸ் மாறிப் போக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே பயிற்சியாளர் இருப்பார். பின்னால் சுவர் இருக்கும். வாங்குவதற்கு முன் நாலு ஞாயிறு போய்ச் சுட்டுப் பார்த்தால், நமக்கு உண்மையில் இதில் நாட்டம் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இதே பயிற்சி நிறுவனத்தில் தேறியவர்தான் இளவேனில் வாலறிவன். கடலூரில் பிறந்து, பெற்றோரோடு குஜராத்தின் அகமதாபாத்தில் வளர்ந்த தமிழ்ப்பெண். 2019-ல் ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காக நின்றார். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல சேதி வேறென்ன வேண்டும்?

நண்பர் இன்னும் துப்பாக்கி வாங்கவில்லை. பட்டறையில் மிச்சமான தகட்டைக் காசு கொடுத்து எடுத்து, மகனோடு சேர்ந்து பெட்டியைச் செய்து முடித்துவிட்டார். தரைத்தளத்தில் வீட்டுக்காரரின் அனுமதியோடு ஜன்னல் இல்லாத சுவர் ஒன்றும் கிடைத்திருக்கிறது. பதினேழு அடி இருக்கிறதாம். போன வாரம் அந்தத் தெலுங்கு அம்மாளை அழைத்துவந்து காட்டினார். அவர் பெட்டியின் பின்தகட்டை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இப்புடு பாகுந்தி" என்றாராம். இப்போது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

"இனிமே கடைக்குப் போகலாமா அண்ணே?" என்று கேட்டார் நண்பர். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.